கட்டா, கட்டியா?
கால் வீங்கி ஸ்கேனுக்குப் போனவரின் ரிப்போர்ட்டில் ‘கீழ்ப்பெருஞ்சிரையில் ரத்தக்கட்டு’ என்று வந்தால், பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். கால்களின் ரத்தத்தையும் சிறுநீரகம், கல்லீரலின் ரத்தத்தையும் இதயத்துக்கு ஏற்றிச் செல்லும் தடித்த குழாய் அது. எப்போதாவது அதை அடைத்திருப்பது உறைந்த ரத்தமல்ல, சதை. சிரைச் சுவரின் மென்தசையிலேயே முளைக்கும் ‘லியோமயோசார்கோமா’ 1871-இலேயே பதிவான புற்றுநோய்; ஐம்பதை ஒட்டிய, தாண்டிய பெண்களிடம் அதிகம். இது மிக அரிது. ஆனால் சிறுநீரகப் புற்று பெருஞ்சிரைக்குள் நீள்வது அவ்வளவு அரிதல்ல: அந்நோயாளிகள் 100 பேரில் 4 முதல் 10 பேருக்கு நேர்கிறது. ஆகவே ‘ரத்தக்கட்டு’ என்ற சொல்லோடு விசாரணை முடிந்துவிடக் கூடாது.

அல்ட்ராசவுண்டின் கறுப்பு வெள்ளைத் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் கலர் டாப்ளரைப் போட்டால்தான் வித்தியாசம் பிடிபடும். உறைந்த ரத்தத்துக்குள் ஓட்டம் இல்லை, அங்கே நிறமே வராது. கட்டி வளர ரத்தம் வேண்டும். அதனால் அதன் நடுவில் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள் மினுக்கும், தமனித் துடிப்பும் பதிவாகும். சிரை அளவுக்கு மீறி உப்பியிருப்பதும், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் ‘கட்டு’ வளர்வதும் அடுத்த தடயங்கள்.

அரிய நோயைச் சொல்லி எல்லோரையும் பயமுறுத்தலாமா என்று கேட்பார்கள். நியாயம்தான், எல்லோருக்கும் சி.டி. எடுக்கச் சொல்லவில்லை. டாப்ளருக்குத் தேவை அதே மெஷினில் இன்னும் சில நிமிடம். நிறம் தெரியாவிட்டால் கட்டி இல்லையென்றும் ஆகிவிடாது: குடல் காற்று மறைக்கும், மெல்லிய ஓட்டம் படாமல் போகும், கட்டியோடு உறைவும் சேர்ந்திருக்கும். சந்தேகம் மிஞ்சினால் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.; கடைசித் தீர்ப்பு பயாப்ஸியுடையது. அதுவரை மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது, உறைவு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து.

நோயைத் தவறவிட்டார்கள் என்று தோன்றினால் சட்டத்திலும் வழியுண்டு. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நெறிமுறைப்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். கட்டணச் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொல்லிவிட்டது. 2019 சட்டப்படி புகாருக்குக் கெடு 2 ஆண்டு. அரிய நோயைத் தவறவிட்டது மட்டுமே கவனக்குறைவாகாது. ‘கட்டு’ வளர்கிறது என்று தெரிந்தும் மேற்பரிசோதனைக்கு அனுப்பவில்லை என்றால் வாதிட இடமுண்டு. வளர்ந்ததைக் காட்ட முதல் ஸ்கேனின் படம் கையில் இருக்க வேண்டும். நம்மில் பலர் ரிப்போர்ட் தாளை மட்டும் மடித்து வைத்துக்கொண்டு ஃபிலிமையும் படம் பதிந்த தகட்டையும் தொலைத்துவிடுகிறோம், அடுத்த ஸ்கேன் பார்க்கும் டாக்டர் முதலில் தேடுவது அவற்றைத்தான்.