ஒரே சொல்லில் இரண்டு தடை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையேறிய கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. கீரமங்கலம், வடகாடு பக்கம் தென்னைகளோடு மின்கம்பங்களும் சாய்ந்தன. ஆழ்குழாய்க் கிணற்றை நம்பிய ஊர்களில் கரண்டு போனால் தண்ணீரும் போய்விடும். செய்தித்தாள் இதை ‘மின்தடை’ என்று எழுதும். அந்த ஊர்ப் பிள்ளையின் அறிவியல் புத்தகத்திலும் ‘மின்தடை’ உண்டு. ஆனால் அங்கே மின்சாரம் நிற்பதில்லை, ஓடிக்கொண்டிருக்கிறது.

விடு விடையானது போல, கொடு கொடையானது போல, தடு தடையானது. தடுப்பது என்றால் முழுக்க நிறுத்துவதா, ஓட்டத்தைக் குறைப்பதா? வேர்ச்சொல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

கம்பிக்குள் எலக்ட்ரான்கள் நகரும்போது, அதிர்ந்துகொண்டிருக்கும் அணுக்களால் சிதறிச் சிதறித்தான் போகின்றன. அதில் இழக்கும் ஆற்றல் வெப்பமாகிறது. ஜெர்மானியரான ஜார்ஜ் ஓம் 1827இல் வெளியிட்ட விதி இந்தத் தடையை அளக்க வழி செய்தது. அதன் அலகுக்கும் அவர் பெயர்தான். 230 வோல்ட்டில் எரியும் பழைய 60 வாட் குண்டு பல்புக்கு ஏறத்தாழ 880 ஓம். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கோ 53 ஓம்தான். அதிகம் சுடுவதற்குத் தடை குறைவு! வோல்ட் மாறாதபோது, தடை குறையக் குறைய மின்னோட்டம் கூடுகிறது, கூடவே வெப்பமும். பல்பின் வெளிச்சமே தடை போட்ட பிச்சை என்பதை முதன்முதலாக உணர்ந்தபோது எனக்கு அந்தச் சொல்லின் மீதே மரியாதை வந்தது.

இரண்டு பொருளும் சந்திக்கும் இடம் அறுந்த கம்பி. உலர்ந்த காற்றில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டவே சில ஆயிரம் வோல்ட் வேண்டும். வீட்டு மின்சாரம் அறுந்த முனையிலேயே நின்றுவிடும். புத்தகத்தின் மின்தடை அளவிட முடியாதபடி ஏறிவிட்டது. அதைத்தான் செய்தித்தாள் மின்தடை என்கிறது.

ஆனால் ஈர மண்ணும் நனைந்த உடம்பும் காற்று அல்ல. அவற்றின் தடை மிகக் குறைவு. அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருந்தால், காற்றில் நின்ற ஓட்டம் மிதித்தவர் வழியே மண்ணுக்கு இறங்கும். அதனால்தான் லைன்மேன் கம்பியைத் தொடும் முன், மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதி செய்துகொள்கிறார்.