கும்பகோணத்துக்கு வந்த பெருச்சாளி!

கோயில்களுக்கும் டிகிரி காபிக்கும் பேர்போன கும்பகோணம், பாதாளச் சாக்கடைக்குள் ரோபோவை இறக்கிய விஷயத்திலும் தமிழ்நாட்டுக்கு முன்னோடி. ஆண்டு 2018. கேரளத்தின் ஜென்ரோபோடிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய அதன் பெயர் 'பேண்டிகூட்'. பெருச்சாளிதான்! தெலுங்கின் 'பந்திகொக்கு'தான் ஆங்கிலத்தில் அப்படி ஆனது.

மேலே திரையும் பொத்தான்களும் கொண்ட சட்டம் நிற்கும். குழிக்குள் இறங்கும் பகுதி, சிலந்திபோலக் கால்களை விரித்துச் சுவரில் ஊன்றிக்கொள்ளும். கேமரா வழிகாட்ட, கையால் கசடை அள்ளி வாளியில் போடும். நாம் கழிப்பறையில் தள்ளிவிடும் துணி, நாப்கின், பிளாஸ்டிக் எல்லாம் அதில் வரும்.

வேலை முடிந்ததும் இதைக் கழுவியே ஆக வேண்டும். மூட்டுகளில் மணல் சிக்கினால் கை மக்கர் செய்யும். படம் மங்கலா? முதலில் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள்.

வாயு சென்சார் அப்படியல்ல. பழசான சென்சார், விஷவாயு இருக்கும்போதும் 'ஒன்றுமில்லை' என்று காட்டலாம். அளவு தெரிந்த வாயுவைக் காட்டி அவ்வப்போது சோதிப்பது அவசியம். மூக்கையும் நம்ப முடியாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானால் வாடையே தெரியாமல் மூக்கு மரத்துவிடும்.

மனிதரை இப்படி இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. ஆனாலும் மெஷின் ரிப்பேராகி ஷெட்டில் நிற்கிற நாளில், சாக்கடை பொங்கும் தெருவில் யாரோ ஒருவரிடம்தான் கேட்பார்கள்: "ஒரு நிமிஷம் இறங்கிப் பார்த்துட்டு வந்துடேன்பா!"