ஒரு டம்ளர் போதும்

திருவேங்கடத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் படித்த மாணவி ஒருவர், இப்போது வெளியூரில் கட்டடக்கலை படிக்கிறார். விடுமுறைக்கு வந்தவர் ஒரு கேள்வியோடு வந்தார். ‘சுற்றுச்சூழலுக்கும் சமூகத்துக்கும் உகந்த ஒரு பொருளை வடிவமைத்து வாருங்கள்’ என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்களாம். “மூங்கில் விளக்கு, சணல் பை, மண் குடுவைன்னு ஆளாளுக்கு ஒண்ணு எடுத்துட்டாங்க. நம்ம ஊர்ல நான் எதை எடுக்க அண்ணே?” என்று கேட்டார்.

தேநீர்க் கடைக்கு அழைத்துப் போனோம். கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த கண்ணாடி டம்ளர்களைக் காட்டி, “இதை எடும்மா” என்றோம். சிரித்தார். நாங்கள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒரு கண்ணாடி டம்ளர் உடையும்வரை உழைக்கும். ஒரு நாளில் எத்தனையோ பேர் குடிப்பார்கள். கழுவி வைத்தால் மறுநாளும் அதே டம்ளர்தான். பேப்பர் கப் அப்படியல்ல. ஐந்து நிமிடத்தில் குப்பை. பெயர்தான் பேப்பர், தேநீர் ஊறிப் போகாமலிருக்க உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அதனால் எளிதில் மக்காது, பழைய தாளோடு சேர்த்து எடைக்குப் போடவும் முடியாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருள்களின் பட்டியலில் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பும் இருக்கிறது. ஆனாலும் அது போன பாடில்லை.

ஏன் போகவில்லை? கழுவ ஆள் இல்லை, தண்ணீர் இல்லை, நோய்த்தொற்று பயம் என்று காரணங்கள் உண்டு. அவற்றை நாம் மறுக்கவில்லை. பேப்பர் கப்பில் தேநீர் கொடுப்பவர் எல்லோரும் சாதி பார்ப்பவர் என்று சொல்லவும் மாட்டோம். ஆனால் கிராமத்தில் இந்தக் கப்புக்கு வேறொரு வரலாறும் இருக்கிறது. நம் பாட்டன்மாருக்குச் சிரட்டையில் ஊற்றினார்கள். பிறகு தனி டம்ளர் வந்தது; குடித்தவரே கழுவி வைக்க வேண்டும். போராட்டமும் வழக்கும் வந்தபின் தனி டம்ளரை வெளியில் வைக்க முடியவில்லை. அந்த இடத்தில் பல ஊர்களில் கப் வந்து உட்கார்ந்துகொண்டது. எறிந்துவிடும் பொருளுக்குத் தீட்டு இல்லை அல்லவா? ஊர்க்காரருக்குக் கண்ணாடி, தெருக்காரருக்குக் கப் என்பது வாய்திறந்து சொல்லாத விதியாக இன்றும் சில இடங்களில் நடக்கிறது.

“அதெல்லாம் பழைய கதை” என்பவர்கள் தூரம் போக வேண்டாம். 2022 செப்டம்பரில் நம் சங்கரன்கோவில் வட்டாரத்துப் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லி நம் குழந்தைகளுக்குத் தின்பண்டம் கொடுக்க ஒரு கடையில் மறுத்தார்கள். அந்தக் காணொளியை நாடே பார்த்தது. கைது நடந்தது, கடைக்குச் சீல் வைக்கப்பட்டது. 2022இல் மிட்டாய் வாங்க முடியாத இடத்தில், டம்ளரைப் பற்றிப் பேசுவது பழைய கதை ஆகாது.

எதையும் இரண்டாகச் செய்

சாதி ஒரு வடிவமைப்பாளர் என்றால், அதற்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்: எதையும் இரண்டாகச் செய்வது. இரண்டு டம்ளர், இரண்டு தண்ணீர்த் தொட்டி, இரண்டு பாதை, இரண்டு சுடுகாடு. ஒன்று போதும் என்ற இடத்தில் இரண்டு கட்டினால் செங்கல், சிமெண்ட், கம்பி, மின்சாரம், நிலம் எல்லாமே இரண்டு மடங்கு. பசுமை, சிக்கனம், நிலைத்த வளர்ச்சி என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை மட்டும் போடுவதில்லை.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் ஊரையும் தலித் மக்களையும் பிரித்துப் பல நூறு மீட்டர் நீளத்துக்கு ஒரு சுவர் நின்றது. அந்தச் சுவருக்கு யாரையும் வெயில் மழையிலிருந்து காக்கும் வேலை இல்லை. 2008 மே 6 அன்று அதில் ஒரு பகுதி இடிக்கப்பட்டுப் பாதை திறந்தது. அங்கே செலவான கல்லும் சிமெண்டும் எத்தனை ஏழை வீடுகளுக்கு ஆகியிருக்கும்!

புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலை நாம் மறக்க முடியாது. தலித் குடியிருப்புக்கென்று தனியாக இருந்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்த கொடுமை 2022 டிசம்பர் இறுதியில் தெரியவந்தது. குற்றம் செய்தவர் யார் என்பது ஒரு கேள்வி. அது நீதிமன்றத்தின் வேலை. அந்தத் தொட்டி ஏன் தனியாக இருந்தது என்பது இன்னொரு கேள்வி. அது நம் எல்லோருடைய வேலை. ஊர் முழுவதும் ஒரே தொட்டியில் குடித்தால், அந்தத் தண்ணீரைக் கெடுக்க எவர் கையும் எழாது. பொதுவாக இருப்பதே ஒரு பொருளுக்குப் பாதுகாப்பு.

இதைத்தான் அண்ணல் அம்பேத்கர் 1927 மார்ச் 20 அன்று மகாராட்டிரத்தின் மகாடில் செய்து காட்டினார். புதிதாக ஒரு குளம் வெட்டித் தாருங்கள் என்று அவர் கேட்கவில்லை. இருக்கிற சவுதார் குளத்தில் மக்களோடு இறங்கித் தண்ணீர் அள்ளினார்.

வீடு எங்கே நிற்கிறது?

மாணவியின் அடுத்த கேள்வி வீட்டைப் பற்றியது. “எங்க சார் மண்வீடுதான் சிறந்தது, கான்கிரீட் பூமிக்குக் கேடுன்னு சொல்றாரு. ஆனா எங்கம்மா கான்கிரீட் வீட்டுக்குத்தானே பத்து வருசமா மனு குடுத்துது?”

ஆசிரியரும் தவறில்லை, அம்மாவும் தவறில்லை. மண்ணும் ஓலையும் குளிர்ச்சிதான். ஆனால் 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேர் எரிந்து செத்தது ஒரு குடிசைக்குள். ஓலைக் கூரையின் குளிர்ச்சியைப் பேசுகிறவர்கள், தீப்பெட்டிக்குப் பயந்து அதன்கீழ் படுத்தவர்களின் தூக்கத்தையும் பேச வேண்டும். நம்மவர் கான்கிரீட் கேட்டது ஆடம்பரத்துக்கு அல்ல, உயிருக்கும் மானத்துக்கும். அந்த வீட்டையும் விட்டுவைக்கவில்லை என்பதற்கு 1995 ஆகஸ்ட் 31 சாட்சி. கொடியங்குளத்தில் புகுந்த காவல்துறை மின்விசிறி, தொலைக்காட்சி, தையல் எந்திரம் என்று வீட்டுப் பொருள்களைத் தேடித் தேடி உடைத்தது. நம் வீட்டில் ஒரு நல்ல பொருள் இருப்பதே சிலர் கண்ணை உறுத்தியது.

ஆகவே கான்கிரீட்டா மண்ணா என்று சண்டை போட வேண்டாம். கான்கிரீட்டையே அறிவோடு செலவழிக்க வழி உண்டு. கேரளத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் (1917–2007) மீனவர்களுக்கும் ஏழைகளுக்கும் அப்படிக் கட்டினார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் குத்துவாட்டில் அடுக்கி நடுவில் வெற்றிடம் விடும் ‘எலிப்பொறிக் கட்டு’ முறையில், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். நடுவில் இருக்கும் காற்று வெயிலையும் தடுக்கும். கூரை கான்கிரீட்டின் அடிப்பகுதியில் ஆங்காங்கே பழைய ஓடுகளைப் பதித்தால் சிமெண்டும் குறையும், சூடும் குறையும்.

நம் வட்டாரத்துக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. கரிசல் மண் மழைக்கு உப்பும், கோடைக்குக் காய்ந்து வெடிக்கும். மற்ற ஊருக்குப் போட்ட வரைபடத்தையே இங்கும் போட்டு, மேலோட்டமாக வானம் தோண்டிக் கட்டினால் சில ஆண்டுகளில் சுவர் வாய் பிளக்கும். நம் தெருக்களில் விரிசல் விழுந்த தொகுப்பு வீடுகளைப் பார்த்தால் இது விளங்கும். ஆழமாகத் தோண்டி, கரிசலை அள்ளிவிட்டு, மணலோ கிராவலோ நிரப்பி இறுக்கி, தரைமட்டத்தில் கம்பி கட்டிய கான்கிரீட் பட்டை ஓட்ட வேண்டும். ‘கலைஞரின் கனவு இல்லம்’ திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் தருகிறார்கள். பட்டியலில் பெயர் வந்தவர்கள், வானம் தோண்டுமுன் ஒன்றியப் பொறியாளரிடம் “இந்த மண்ணுக்கு எத்தனை அடி ஆழம் வேண்டும்?” என்று கேளுங்கள். கேட்பது பயனாளியின் உரிமை.

அதைவிடப் பெரிய கேள்வி, வீடு எங்கே நிற்கிறது என்பது. எவ்வளவு நல்ல வீடாக இருந்தாலும் ஊருக்கு வெளியே நிற்குமானால், அது அழகாகக் கட்டப்பட்ட ஒதுக்குப்புறம். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். சொல் போனால் போதாது, வரைபடமும் மாற வேண்டும். அதற்கு முன்மாதிரி நம்மிடமே இருக்கிறது. 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்ட முதல் பெரியார் நினைவுச் சமத்துவபுரத்தில் 100 வீடுகள். தலித் குடும்பங்களுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10 என்று பிரித்து, எல்லோரையும் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்துக் குடிவைத்தார்கள். குறைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் யார் பக்கத்தில் யார் வாழ்வது என்பதையும் வடிவமைக்கலாம் என்று காட்டிய திட்டம் அது.

செய்தவர் தரையில், நாற்காலி யாருக்கு?

நெல்லைச் சீமையிலிருந்து பிழைக்கப் போனவர்களின் வியர்வை கலந்த இடம் மும்பை தாராவி. அங்கே தோல் வேலை செய்யும் தலித், முஸ்லிம் தொழிலாளர்கள், 2015இல் மகாராட்டிரம் மாட்டிறைச்சித் தடையைக் கொண்டுவந்தபின் வேலை இழந்தார்கள். அவர்களோடு சேர்ந்து சுதீர் ராஜ்பர் என்ற கலைஞர் ‘சமார் ஸ்டுடியோ’வைத் தொடங்கினார். தோலுக்குப் பதில் கழிவு ரப்பரை மறுசுழற்சி செய்து பைகளும் நாற்காலிகளும் செய்கிறார்கள். வடநாட்டில் வசைச்சொல்லாக வீசப்பட்ட சாதிப் பெயரையே தலை நிமிர்ந்து கடைப்பெயராக வைத்தார்கள். அந்த நாற்காலிகள் 2024 டிசம்பரில் அமெரிக்காவின் மயாமி வடிவமைப்புக் கண்காட்சிக்குப் போயின.

பெருமைதான். ஆனால் இங்கே திரும்பிப் பாருங்கள். தமிழ்நாடு தீண்டாமை ஒழிப்பு முன்னணி 2022இல் 24 மாவட்டங்களில் 386 ஊராட்சிகளில் ஆய்வு செய்தது. 22 ஊராட்சிகளில் தலித் தலைவருக்கு உட்கார நாற்காலி இல்லை. நம் கை செய்த நாற்காலி கடல் கடக்கிறது. நாம் வென்ற நாற்காலி சொந்த ஊரில் கிடைப்பதில்லை. ஒரு நாற்காலி சமூக அக்கறை உள்ளதா என்பதை அது எந்த மரம், எந்த ரப்பர் என்பது மட்டும் சொல்லாது. செய்தவருக்கு என்ன கூலி, அதில் யார் உட்காரலாம் என்பதும் சேர்ந்துதான் சொல்லும்.

மாணவி கடைசியில் டம்ளரை வரையவில்லை. டம்ளர் கழுவும் இடத்தை வரைந்தார். அடுப்பின் வீணாகும் சூட்டிலேயே வெந்நீர், டம்ளர்களைக் கவிழ்த்து வைக்க ஒரே தட்டு, எல்லோரும் உட்கார ஒரே நீளப் பலகை. “கழுவ முடியலைன்னு இனிமே யாரும் சாக்குச் சொல்லக் கூடாதுல்ல?” என்றார். எங்களுக்கு அதைவிடச் சமூக அக்கறையுள்ள வடிவமைப்பு தெரியாது.

மாணவர்களே, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. கடையில் பொதுவுக்கு வைத்த பாத்திரத்தைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதைக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், 1955, குற்றம் என்கிறது. வன்கொடுமை நடந்தால் 14566 என்ற தேசிய உதவி எண் உண்டு. ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. புதிய தொட்டி, புதிய நிழற்குடை, புதிய சுடுகாட்டுப் பாதை எது வந்தாலும் “இது ஊர் முழுமைக்கும் ஒன்றா, இரண்டா?” என்று எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மான ஏட்டில் எழுதச் சொல்லுங்கள்.

அதற்கு முன், நாளைக் காலையிலேயே ஒன்று செய்யலாம். கடையில் கப்பை நீட்டினால், “கிளாஸ்லயே குடுங்க” என்று கேட்டுப் பாருங்கள். வருகிற பதிலில் உங்கள் ஊர் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.