சணலும் எல்லைக் கோடும்

அறுவடை முடிந்து நெல்லை மூட்டை கட்டும் நாளில், கோணிச் சாக்கு எத்தனை வேண்டும், என்ன விலை என்று கணக்குப் பார்க்கிறோம். அந்தச் சாக்கின் நார் எங்கே விளைந்தது, எங்கே நெய்யப்பட்டது என்று எண்ணிப் பார்ப்பவர் நம்முள் சிலரே. ஆயினும், பயிரிடுவோரும் நெசவு செய்வோரும் ஒருங்கே அங்கம் வகிக்கும் நம் போன்ற சங்கத்தார் அறிந்திருக்க வேண்டிய பாடம் ஒன்று அச்சாக்கினுள் அடங்கியிருக்கிறது. அண்டை நாடுகள் இரண்டின் ராஜீய உறவு கெடும்போது அதன் பளு முதலில் எவர் தோளில் விழுகிறது, அது எத்தனை காலம் நிலைத்து நிற்கிறது என்பதே அப்பாடம். அதனை இங்கு ஒருவாறு விளக்க முற்படுகிறோம்.

ஒரு பயிர், இரு கைகள்

சணல் வங்கநாட்டின் பயிர். வண்டல் மண்ணும், மழையும், தேங்கிய நீரும் அதற்கு இன்றியமையாதன. கோடையில் விதைத்து நான்கு மாதங்களில் அறுத்து, கட்டுக் கட்டாக நீரில் அமிழ்த்தி இரண்டு மூன்று வாரங்கள் ஊற வைப்பார்கள். பட்டை தளர்ந்தபின் இடுப்பளவு நீரில் நின்று நாரை உரித்து, அலசி, வெயிலில் உலர்த்துவார்கள். மைமன்சிங், பரீத்பூர், டாக்கா முதலிய கிழக்கு வங்க மாவட்டங்களில் விளைந்த நாரே நேர்த்தியில் முதன்மையானதென்று பெயர் பெற்றிருந்தது.

விளைந்தது கிழக்கே, நெய்யப்பட்டது மேற்கே. 1855-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள ரிஷ்ரா என்னும் ஊரில் முதல் சணல் நூற்பாலை நிறுவப்பட்டது. பின்னர் ஹூக்ளி நதியின் இரு கரைகளிலும் ஆலைகள் வரிசையாக எழுந்து, ஸ்காட்லாந்து நாட்டு டண்டி நகரத்து ஆலைகளையே விஞ்சின. நாராயணகஞ்சில் கட்டப்பட்ட நார் படகிலும் ரயிலிலும் கல்கத்தா சேரும். அங்கிருந்து சாக்காகவும் துணியாகவும் உலகெங்கும் செல்லும். பயிரிடுவோன் ஒரு கை, நெய்வோன் மறு கை. இரு கைகளும் ஒரே உடலுக்கு உரியனவாக இருந்தன.

கோடு விழுந்த இடம்

1947 ஆகஸ்டு 17-ஆம் நாள் ராட்கிளிஃப் வகுத்த எல்லைக் கோடு வெளியாயிற்று. சணல் விளையும் நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போயிற்று. ஆலைகளோ, நூற்றுக்கு மேற்பட்டவை, அனைத்தும் இந்தியாவில் தங்கின. அன்று கிழக்குப் பாகிஸ்தானில் சணல் ஆலை ஒன்றுகூட இல்லை. இந்தியாவிலோ அத்தனை ஆலைகளுக்கும் போதிய நார் இல்லை.

இந்நிலையில் இரு நாடுகளும் ஒன்றையொன்று நாடியே வாழ வேண்டும் என்பது யாவர்க்கும் தெளிவு. கிழக்கு வங்கத்துக் குடியானவனுக்குக் கல்கத்தாவே பெருஞ்சந்தை. ஆலைத் தொழிலாளிக்கு அக்குடியானவனின் நாரே சோறு. எனினும் 1948-ஆம் ஆண்டிலேயே இரு நாடுகளும் ஒன்றையொன்று அந்நிய நாடாகக் கொண்டு சுங்க வரி விதிக்கத் தொடங்கின. பெரிய இடி அதற்கடுத்த ஆண்டில் விழுந்தது.

நூறு ரூபாய் நூற்று நாற்பத்து நான்கு ஆன விதம்

1949 செப்டம்பரில் பிரிட்டன் தன் பவுன் நாணயத்தின் மதிப்பை டாலருக்கு எதிராக 30.5 சதவீதம் குறைத்தது. இந்தியாவும் அதே அளவு ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. பாகிஸ்தான் குறைக்க மறுத்துவிட்டது. அதுவரை இரு நாட்டு ரூபாயும் சம மதிப்புடையன. அன்று முதல் பாகிஸ்தான் கணக்கில் அதன் நூறு ரூபாய்க்கு இந்திய ரூபாய் 144 கொடுக்க வேண்டியதாயிற்று.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். நேற்றுவரை நூறு ரூபாய்க்கு வாங்கிய நாருக்குக் கல்கத்தா ஆலைக்காரர் இன்று 144 ரூபாய் கொடுக்க வேண்டும். நாரும் அதுவே, தரமும் அதுவே. ஆனால் அவர் நெய்யும் சாக்கை அந்த அளவு விலை உயர்த்தி உலகச் சந்தையில் விற்க இயலாது. இந்தியா இப்புதிய விகிதத்தை ஒப்புக்கொள்ளவில்லை. பாகிஸ்தானோ தன் நாணயத்தின் மதிப்பைத் தீர்மானிப்பது தன் உரிமை என்றது. இரு தரப்பிலும் நியாயம் பேச இடமிருந்தது, வர்த்தகம் நின்றுவிட்டது. நார் மேற்கே வரவில்லை. நிலக்கரி கிழக்கே போகவில்லை.

கிழக்கு வங்கத்தில் அறுவடையான நார் கேட்பாரின்றித் தேங்கியது. பாகிஸ்தான் சர்க்கார் சணல் வாரியம் ஒன்றை அமைத்துக் குறைந்தபட்ச விலையை அறிவித்தது. ஆயினும், வீட்டுக்கு வீடு வந்து சில்லறையாக வாங்கும் ஃபரியா என்னும் தரகனிடமே விற்றுப் பழகிய சிறு குடியானவன், வாரியத்தின் கொள்முதல் நிலையத்தை எங்ஙனம் சென்றடைவான்? கடன் தவணை காத்திராது. நாரை வைத்துக்கொள்ளக் கிடங்கும் கிடையாது. வந்த விலைக்கு விற்றான். இக்கரையில் நார் போதாமல் ஆலைகள் வேலை நேரத்தைக் குறைத்தன. நூல் வரத்து நின்றால் தறியும் நிற்கும், அடுப்பும் அணையும் என்பதை நம் நெசவாள அங்கத்தினர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

1950 ஏப்ரலில் நேருவும் லியாகத் அலிகானும் சிறுபான்மையோர் பாதுகாப்புப் பற்றி உடன்பாடு கண்டபின் வர்த்தகமும் சிறிது அசைந்தது. 1951 பிப்ரவரியில் இந்தியா பாகிஸ்தான் ரூபாயின் மதிப்பை ஏற்று ஒப்பந்தம் செய்துகொண்டது. 1955-இல் பாகிஸ்தானும் தன் நாணய மதிப்பைக் குறைக்கவே, இரு ரூபாயும் மீண்டும் சமமாயின. எதற்காகச் சச்சரவு நேர்ந்ததோ அதுவே ஆறு ஆண்டுகளில் இல்லாதொழிந்தது.

பகையில் முளைத்த வயலும் ஆலையும்

சச்சரவு தீர்ந்தது, ஆயின் அதன் விளைவு தீரவில்லை. அண்டை நாட்டை நம்பியிருத்தல் ஆகாது என்று இரு நாடுகளும் அதற்குள் முடிவு செய்துவிட்டன. இந்தியா மேற்கு வங்கம், அஸ்ஸாம், பீகார், ஒரிஸ்ஸா மாநிலங்களில் சணல் பயிரைப் பெருக்கிற்று. பிரிவினையின்போது விளைந்ததைப்போல் ஏறக்குறைய இரு மடங்காக, 1950-51-ஆம் ஆண்டில் 33 லட்சம் பேல் சணல் விளைந்தது. உணவுப் பஞ்சம் நிலவிய அந்நாளில் நெல் விளைந்த நிலமும் சணலுக்குத் திருப்பப்பட்டதை நாம் மறத்தலாகாது. பாகிஸ்தானோ ஆலைகளை எழுப்பிற்று. நாராயணகஞ்சில் 1951-இல் உற்பத்தி தொடங்கிய ஆதம்ஜி ஆலை, நாளடைவில் உலகிலேயே மிகப் பெரிய சணல் ஆலையாக வளர்ந்தது.

இங்குதான் நாம் கருத்தூன்ற வேண்டும். ஒருவர்க்கொருவர் துணையாயிருந்த இரு நாடுகள் ஒருவர்க்கொருவர் போட்டியாயின. ஒரு பருவத்துப் பகையை அடுத்த பருவத்தில் மறந்துவிடலாம். ஆனால் அப்பகையினால் எழுந்த ஆலையை இடித்துவிட முடியுமா? அதனை நம்பிக் குடியேறிய தொழிலாளியைத் திருப்பி அனுப்ப முடியுமா? ஒப்பந்தம் ஒரு நாளில் கையெழுத்தாகும்; தொழில் வளரவும் மடியவும் ஒரு தலைமுறை ஆகும்.

1965 செப்டம்பரில் நிகழ்ந்த போரின் பெருஞ்சமர் மேற்கெல்லையில் நடந்தது. ஆயினும் கிழக்கேயும் ரயிலும் படகும் நின்றன. 1971 டிசம்பரில் பங்களாதேஷ் விடுதலை பெற்றது. 1972 மார்ச்சில் இந்தியாவும் அந்நாடும் நட்புறவு உடன்படிக்கையும், வர்த்தக உடன்பாடும் செய்துகொண்டன. நதி வழிப் போக்குவரத்து மீண்டும் திறந்தது. இருந்தும் சணலில் பழைய கூட்டு மீளவில்லை. இருவரும் ஒரே சாக்கை ஒரே உலகச் சந்தையில் விற்கப் போட்டியிட்டுக் கொண்டிருக்கையில், பிளாஸ்டிக் இழைச் சாக்கு நுழைந்து சந்தையில் பெரும் பகுதியைக் கவர்ந்துகொண்டது. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்னும் பழமொழி இங்கு மெய்யாயிற்று.

இந்தியா 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக உணவு தானியத்தையும் சர்க்கரையையும் சணற்சாக்கில் கட்ட வேண்டுமென விதித்துத் தன் ஆலைகளைத் தாங்கிப் பிடித்தது. 2017 ஜனவரியில் பங்களாதேஷ், நேபாளம் ஆகிய நாடுகளின் சணற்பொருள்கள்மீது, அவை அடக்கத்துக்கு மீறிய மலிவில் வந்து குவிகின்றன என்று கூறி, தடுப்பு வரி விதித்தது. 1949-இல் எந்த நார் வரவில்லையே என்று ஏங்கினோமோ, அந்த நாரில் நெய்த பொருள் வந்துவிடுகிறதே என்று 2017-இல் வேலியிட்டோம். அக்கரையில் ஆதம்ஜி ஆலை நட்டத்தால் 2002-இல் மூடப்பட்டது. 2020 ஜூலையில் அரசுக்குரிய 25 சணல் ஆலைகளும் மூடப்பட, சுமார் 25,000 தொழிலாளர் வேலையிழந்தனர்.

நீரிலும் அதே நியதி

நிற்க. கெடுதலை மட்டும் கூறுதல் நேர்மையன்று. பொறுமையுடன் பேசித் தீர்த்த வழக்குகளும் உள. 1975-இல் இயங்கத் தொடங்கிய ஃபரக்கா அணையால் கோடையில் தங்களுக்குக் கங்கை நீர் குறைந்துவிட்டதெனப் பங்களாதேஷ் முறையிட்டது. ஆற்று நீரை நம்பி உழுவோர்க்கு இது உயிர்ப் பிரச்சினை. பல ஆண்டுப் பேச்சுக்குப்பின் 1996 டிசம்பரில் 30 ஆண்டுகளுக்கான உடன்படிக்கை ஏற்பட்டது. ஜனவரி முதல் மே வரை, ஃபரக்காவில் நீர்வரத்து 70,000 கனஅடிக்கு மிகாதபோது ஆளுக்குப் பாதி; அதற்கு மேற்பட்டால் இன்னவாறு என்று பங்கு கணக்கிட்டு எழுதப்பட்டது. ஒரு வாய்க்காலில் முறைவைத்து நீர் பாய்ச்சும் நம் கிராமத்து வழக்கத்தை ஒத்ததே இது. அவ்வாறே 2015 ஜூலை இறுதியில், ஒரு நாட்டினுள் மறு நாட்டுக்குரியனவாய்ச் சிதறிக் கிடந்த நிலத்திட்டுகளில் 111-ஐ இந்தியாவும், 51-ஐப் பங்களாதேஷும் விட்டுக்கொடுத்துப் பழைய சிக்கலைத் தீர்த்துக்கொண்டன. கணக்கு வெளிப்படையாயிருந்தால் உறவும் நிற்கும் என்பதற்கு இவை சான்று.

நூலுக்கும் வந்த சோதனை

இனி நம் வாசலுக்கு வருவோம். பங்களாதேஷ் ஆயத்த ஆடை ஏற்றுமதியில் உலகின் முன்வரிசை நாடுகளில் ஒன்று. ஆயின் அங்குப் பருத்தி விளைச்சல் மிகச் சொற்பம். ஆகவே இந்தியப் பஞ்சும் நூலும் அங்கே பெருமளவில் சென்றன. தமிழகத்து நூற்பாலைகளுக்கும் அதில் பங்குண்டு. 2011-இல் இந்தியா பங்களாதேஷின் 46 வகை ஜவுளிகளுக்குச் சுங்க வரியை நீக்கிற்று. சணலில் முறிந்த கூட்டு, பருத்தியில் புதிதாகத் துளிர்த்தது எனலாம். இம்முறை நார் நம்முடையது, தையல் அவர்களுடையது.

2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி மாறியது, உறவு தளர்ந்தது. 2025 ஏப்ரலில், பங்களாதேஷ் சரக்கு இந்தியா வழியாகப் பிற நாடுகளுக்குச் செல்ல அளித்திருந்த வசதியை இந்தியா நிறுத்திற்று. அதே மாதத்தில் தரைவழியே நூல் இறக்குமதி செய்வதைப் பங்களாதேஷ் தடுத்தது. மே மாதத்தில் அந்நாட்டு ஆயத்த ஆடைகள் கல்கத்தா, நவசேவா துறைமுகங்கள் வாயிலாக மட்டுமே வரலாமென இந்தியா ஆணையிட்டது. ஜூனில் சணற்பொருள் பலவற்றுக்கும் தரைவழி அடைபட்டது. பெட்ராபோல் எல்லையைத் தாண்டிச் செல்ல வேண்டிய லாரிச் சரக்கு கடலைச் சுற்றிச் செல்ல வேண்டியதாயிற்று.

இதில் நம் அங்கத்தினரின் நலம் ஒரே திசையில் இல்லை என்பதையும் ஒளிக்காமல் கூறுவோம். நூல் வெளிநாட்டுக்குப் பெருகிச் சென்றால் பருத்தி விவசாயிக்கு விலை கிடைக்கும். கைத்தறியாளருக்கோ சிட்டத்தின் விலை ஏறும். 2010-இல் நூல் விலை ஏறியபோது நெசவாளர் எழுப்பிய குரலையும், அதன்பின் அரசு நூல் ஏற்றுமதிக்கு வரம்பு கட்டியதையும் பலரும் நினைவுகூர்வர். ஏற்றுமதி திடீரென நின்றால் நூல் சில நாள் மலியும்; ஆனால் ஆலை ஷிப்டைக் குறைக்கும், பஞ்சு கொள்வாரின்றிக் கிடக்கும், அடுத்த பருவத்தில் விவசாயி பருத்தி விதைக்கத் தயங்குவான். அப்போது அந்த மலிவும் நெசவாளருக்கு நிலைக்காது. ஆகவே இருவர்க்கும் வேண்டுவது அதிக விலையுமன்று, குறைந்த விலையுமன்று. நாளைக்கும் நம்பத்தக்க விலையே.

நாம் கொள்ள வேண்டுவது

ராஜீய உறவை வகுப்பது சர்க்காரின் கடமை. அதில் தேசத்தின் மானமும் பாதுகாப்பும் அடங்கியுள்ளன. அதனை நாம் குறை கூற வரவில்லை. ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. தடுப்பு வரிக்கான விசாரணை உள்நாட்டு உற்பத்தியாளரின் மனுவால் தொடங்குகிறது. 2025-இல் பங்களாதேஷ் நூலைத் தடுத்ததும் அந்நாட்டு நூற்பாலைகளின் கோரிக்கையை ஒட்டியே. நூலை வாங்கிப் பின்னலாடை செய்வோர் அதனை விரும்பவில்லை. சங்கமாகச் சேர்ந்து, கணக்குடன் சென்று பேசுவோரின் சொல் ஏறுகிறது. தனித்து நின்று தரகனுக்கு விற்ற கிழக்கு வங்கத்துக் குடியானவனின் சொல்லை 1949-இல் எவரும் கேட்கவில்லை.

எனவே, நம் சங்கங்கள் பஞ்சு, நூல், துணி ஆகியவற்றின் இருப்பையும் விலையையும் மாதந்தோறும் ஒழுங்காகக் குறித்துவைத்தல் வேண்டும். எல்லை அடைபடும் செய்தி வந்தால், அதனால் உழவர்க்கு என்ன, நெசவாளர்க்கு என்ன என்று இரு தரப்பினரும் ஒரே கூட்டத்தில் அமர்ந்து பேசி, ஒரே குரலில் மேல்மட்டச் சங்கத்தின் வாயிலாக அரசுக்குத் தெரிவித்தல் வேண்டும். அடுத்த முறை கோணிச் சாக்கைக் கையிலெடுக்கும்போது, அதன் ஒவ்வோர் இழையிலும் இரு நாட்டு உழைப்பாளிகளின் நல்வாழ்வு பின்னிக் கிடந்ததையும், அறுந்த இழையை முடிய எத்தனை காலம் ஆயிற்று என்பதையும் நாம் நினைவில் இருத்துவோமாக.