குற்றச்சாட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?
4.5 கிராம் தங்க வழக்கு காட்டும் வழி

சாம்பியன் ரீப்ஸ்:

1985-ம் ஆண்டு ஜூன் 2-ந் தேதி கோலார் தங்கவயலில் ஒரு வீட்டைப் போலீசார் சோதனை போட்டனர். அது பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி கேப்டன் பால் ஆண்டனியின் வீடு. 4.5 கிராம் தங்க உருண்டையும், 1,276 கிராம் தங்க மணலும் அங்கே கிடைத்ததாக வழக்குப் பதிவாயிற்று.

தேதி, இடம், பொருள், எடை ஆகிய நான்கும் அதில் இருந்தன. எதை நிரூபிக்க வேண்டும் என்பது போலீசுக்குத் தெரியும். எதை மறுக்க வேண்டும் என்பது எதிரிக்கும் தெரியும். பொருள் கைப்பற்றப்பட்டது நிரூபணம் ஆகவில்லை என்று 1987 பிப்ரவரி 3-ந் தேதி கோர்ட்டு அவரை விடுதலை செய்தது.

ஆனால் அதற்கு முன்பே, அதே சோதனையை வைத்து நடந்த நிர்வாக விசாரணையில், 1986 ஜூனில் அவருக்கு வேலை போயிருந்தது. இரண்டுக்கும் ஆதாரம் ஒன்றே, சாட்சிகளும் ஒன்றே என்று கண்ட சுப்ரீம் கோர்ட்டு, 1999 மார்ச் 30-ந் தேதி அவரை மீண்டும் வேலையில் சேர்க்க உத்தரவிட்டது.

சட்டம் கேட்கும் விவரம்

குற்றச்சாட்டில் குற்றத்தின் பெயர், சட்டப் பிரிவு, நடந்த நேரம், இடம், பாதிக்கப்பட்டவர் அல்லது பொருள் ஆகியவை இருக்க வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 211, 212, 213-வது பிரிவுகளில் இருந்த இந்த விதிகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 234, 235, 236-வது பிரிவுகளாக உள்ளன.

"தங்கம் திருடினார்" என்று மொட்டையாக எழுதினால் போதாது. அதே சமயம், பூட்டை உடைத்தாரா, சுவர் ஏறினாரா என்று திருடிய விதத்தை எழுத வேண்டியதில்லை. மோசடி வழக்கு அப்படி அல்ல. என்ன சொல்லி, எப்படி ஏமாற்றினார் என்பதையும் எழுதியாக வேண்டும்.

பணம் கையாடிய வழக்கில் ஒவ்வொரு தொகையையும் தனித்தனியாகக் காட்டத் தேவையில்லை. மொத்தத் தொகையும், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பதும் போதும். ஆனால் அந்த இடைவெளி ஓராண்டைத் தாண்டக்கூடாது. பணப் பெட்டியைக் கையாளும் குமாஸ்தாக்கள் மனதில் வைக்க வேண்டிய விதி இது.

பிழை இருந்தால் விடுதலையா?

ஒரு தேதி தவறு, ஒரு பிரிவு விடுபட்டது என்றால் வழக்கே விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த வில்லி ஸ்லேனி வழக்கில், 1955-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் இதை ஆராய்ந்தனர். எதற்காகத் தன்னை விசாரிக்கிறார்கள் என்று எதிரிக்குத் தெரிந்து, வாதாட முழு வாய்ப்பும் கிடைத்திருந்தால், எழுத்துப் பிழை அவரைக் காப்பாற்றாது. பிழையால் அவர் திசைமாறி, நியாயம் கெட்டுப்போனால்தான் தண்டனை நிற்காது.

இன்னொன்றும் உண்டு. தீர்ப்புச் சொல்லும் முன்பு எப்போது வேண்டுமானாலும் கோர்ட்டு குற்றச்சாட்டைத் திருத்தலாம். ஆட்சேபத்தை முன்னதாகவே சொல்லியிருக்க முடியுமா என்பதையும் அப்பீல் கோர்ட்டு பார்க்கும். ஆகவே, குறையைக் கடைசிவரை மூடிவைத்து அப்பீலில் எடுத்து வீசலாம் என்ற எண்ணம் பலிக்காது.

புரியாமல் தலையாட்டாதீர்!

குற்றச்சாட்டு கோர்ட்டு மொழியில் எழுதப்படும். தங்கவயல் தமிழருக்கு அது கன்னடம். எதிரிக்கு அதைப் படித்துக் காட்டி, விளக்கிய பிறகே, "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா?" என்று மாஜிஸ்திரேட்டு கேட்க வேண்டும். அந்த இடத்தில் புரியாமல் தலையாட்டிவிட்டால், "ஒப்புக்கொண்டார்" என்று பதிவாகலாம். அதை வைத்தே தண்டனையும் தரலாம்.

புரியவில்லை என்றால் "புரியவில்லை" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் தகவல் அறிக்கை, சாட்சிகளின் வாக்குமூலம் ஆகியவற்றின் நகலை இலவசமாகப் பெற எதிரிக்கு உரிமை உண்டு. அவற்றையும் குற்றச்சாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தேதி, இடம், பொருள், தொகை நான்கும் ஒத்துப்போகின்றனவா என்று வக்கீலைக் கொண்டு பார்க்க வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், முதல் சாட்சி கூண்டில் ஏறுவதற்கு முன்பே அதை நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுவருவது நல்லது.