அடங்கியிருப்பது நலமாகுமா?

வாய்விட்டுத் தம் நோவைச் சொல்ல வல்லவருக்குச் சிகிச்சை செய்வது எளிது. சொல்ல இயலாதவருக்குச் செய்வது அரிது. அறிவு வளர்ச்சியில் குறைபாடு உடைய ஒருவர், பேச்சும் கைவரப் பெறாதவராயின், பல் வலிக்கும்போது தலையைச் சுவரில் மோதிக்கொள்ளக்கூடும். அருகிலிருப்பவரை அடிக்கவும் கூடும். வீட்டார் அஞ்சி அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்கின்றனர். மாத்திரை கிடைக்கிறது. சில நாட்களில் அவர் அடங்கிவிடுகிறார். அந்த அடக்கம் நலத்தின் அறிகுறிதானா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

முதற்கண் ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்த வேண்டும். அறிவுசார் குறைபாடு வேறு, மனநோய் வேறு. முன்னது இளமையிலேயே தோன்றி வாழ்நாள் முழுவதும் உடன் வரும் நிலை. அதனைப் போக்கும் மருந்து இல்லை. பின்னது சிகிச்சையால் தணியக்கூடியது. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும், மனநோயின் வரையறையில் அறிவு வளர்ச்சிக் குறைபாட்டைச் சேர்க்கவில்லை. குறைபாடு உடையவருக்கு மனநோயும் வருவதுண்டு. அப்பொழுது அதற்குரிய மருந்து அவருக்கும் தேவையே. மனநோய் இல்லாத ஒருவருக்கு, அவருடைய முரட்டுச் செயலை அடக்கும்பொருட்டு மட்டும் அதே மருந்தைக் கொடுக்கும்போதுதான் கேள்வி எழுகிறது.

1952-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் ழான் டிலே, பியர் டெனிக்கர் என்னும் மருத்துவர்கள் குளோர்புரோமசின் என்ற மருந்தை மனநோயாளருக்குக் கொடுத்துப் பயன் கண்டனர். மனநோய்ச் சிகிச்சையில் அது ஒரு புதிய காலத்தைத் தொடங்கி வைத்தது. பின்னர் ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் முதலியவை வந்தன. நோயாளருக்கென்று பிறந்த இம்மருந்துகள், நாளடைவில் நோயில்லாதவரிடமும் சென்று சேர்ந்தன. பிரிட்டனில் அறிவுசார் குறைபாடுடைய 33,016 பேரின் மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்து 2015-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இவ்வகை மருந்து பெற்றவர்கள் 9,135 பேர். அவர்களுள் 71 விழுக்காட்டினருக்குக் கடுமையான மனநோய் இருந்ததாகக் குறிப்பே இல்லை.

மருந்து முரட்டுத்தனத்தையாவது தணிக்கிறதா? 2008-இல் வெளியான மற்றோர் ஆய்வில், மனநோய் இல்லாமல் அடிதடியில் இறங்கும் இயல்புடைய 86 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவுக்கு ஹாலோபெரிடால், ஒரு பிரிவுக்கு ரிஸ்பெரிடோன், மூன்றாம் பிரிவுக்கு மருந்துச் சத்து ஏதுமற்ற வெறும் மாத்திரை. மூன்று பிரிவிலும் முரட்டுத்தனம் குறைந்தது. மிகுதியாகக் குறைந்தது வெறும் மாத்திரை உண்டவரிடத்தில்தான். சிறிய ஆய்வேயாயினும், மருந்தை முதற்கண் நாடும் வழக்கத்தை அது ஐயத்திற்குள்ளாக்கியது.

இம்மருந்துகள் தீங்கற்றவையும் அல்ல. உடல் பருத்தல், ஓயாத தூக்கம், கைகால் விறைப்பு, நடுக்கம் ஆகியவை உண்டாகலாம். இருக்கை கொள்ளாத உள்பரபரப்பு ஒன்றும் சிலருக்கு வரும். அது மருந்தால் வந்தது என்று அவரால் சொல்ல முடியாது. நோய் முற்றியது எனப் பிறர் கருதி மருந்தின் அளவைக் கூட்டிவிடுவதும் நேர்கிறது.

ஆதலின் அந்நடத்தைக்குக் காரணம் தேட வேண்டும். பல்வலி, காதுவலி, மலச்சிக்கல், வலிப்பு நோய் ஆகியவை அடிக்கடி மறைந்து நிற்பவை. மாற்றலாகி வேற்று மாநிலம் சென்ற குடும்பங்களில் வேறொரு காரணமும் உண்டு. பழகிய வீடும், பாட்டியின் முகமும், தெருவில் கேட்ட தமிழும் ஒரே நாளில் இல்லாமற் போனதன் காரணத்தை அப்பிள்ளைக்கு யார் சொல்ல முடியும்? மருத்துவரிடம் சென்றாலோ, வீட்டில் தமிழில் விரிவாகச் சொல்லும் செய்தியெல்லாம், அங்கே ஹிந்தியில் ‘குஸ்ஸா’ என்ற ஒற்றைச் சொல்லில் முடிந்துவிடுகிறது. கோபம் என்று கேட்ட மருத்துவர் கோபத்திற்கே மருந்து தருகிறார். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதனைச் சிறு குறையென்று கருதவில்லை.

இதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் பெரிதும் உதவும். எந்த நாள், எந்த நேரம், அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அன்று உணவும் உறக்கமும் மலம் கழித்தலும் எவ்வாறிருந்தன என்று தமிழிலேயே எழுதி வையுங்கள். இரு மொழியும் அறிந்த நண்பர் ஒருவரைக் கொண்டு மருத்துவருக்கு அதைப் படித்துக் காட்டுங்கள். இந்த மருந்து எந்த நோய்க்கு? பயன் தருகிறதா என்று எப்படி அறிவது? மீண்டும் எப்போது பரிசீலிப்பீர்கள்? இம்மூன்றையும் பணிவோடு, ஆனால் தவறாமல், கேளுங்கள். இங்கிலாந்தில் 2015-இல் வெளியான மருத்துவ நெறிமுறை, முரட்டு நடத்தைக்காக இம்மருந்தைத் தனியே கொடுக்காமல் பிற வழிகளோடு சேர்த்தே தர வேண்டும் என்றும், மூன்று நான்கு வாரங்களில் அதன் விளைவை ஆராய வேண்டும் என்றும், ஆறு வாரத்தில் பயனில்லையேல் நிறுத்த வேண்டும் என்றும் கூறுகிறது.

ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு இன்றே மாத்திரையை நிறுத்திவிடலாகாது. திடீரென நிறுத்துவது பெருந்துன்பம் தரும். வலிப்பு மருந்தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவரின் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை. 2016-இல் இங்கிலாந்தில் ‘ஸ்டாம்ப்’ என்னும் பெயரில் தொடங்கிய இயக்கமும் மிகை மருந்தைக் குறைக்கவே எழுந்தது; தேவையானவரிடமிருந்து மருந்தைப் பறிக்க அன்று. நம் நாட்டில் 1984-இல் செகந்திராபாத்தில் நிறுவப்பெற்ற தேசிய நிறுவனத்திற்கு நொய்டா, கொல்கத்தா, நவி மும்பை ஆகிய இடங்களில் மையங்கள் உள்ளன. நடத்தையைப் பயிற்சியால் சீர்படுத்தும் வழிகளை அங்கே கேட்டறியலாம்.

வீட்டில் சந்தடி ஓய்ந்தால் நமக்கு நிம்மதிதான். ஆயினும், முன்பு பாட்டுக் கேட்டால் கைதட்டிச் சிரித்த பிள்ளை இன்றும் சிரிக்கிறதா என்று பாருங்கள். சிரிக்கவில்லையேல், அடுத்த முறை மருத்துவரிடம் செல்லும்போது அதையே முதலில் சொல்லுங்கள்.