உங்களுக்குத் தெரியுமா? தரங்கம்பாடியைச் சுற்றலாம், வாங்க!

ஊருக்குள் நுழையும்போதே வண்டியை ஓரங்கட்டி அண்ணாந்து பாருங்கள். வெள்ளை வெளேரென்று நகர வாசல்! உச்சியில் டென்மார்க் மன்னரின் முத்திரை! வருஷம் 1792! மதில் பெரும்பாலும் போய்விட்டது. வாசல் மட்டும் கம்பீரமாக நிற்கிறது. இன்றும் அதற்குள் புகுந்துதான் ஊருக்குள் போகணும்!

நேரே கிங்ஸ் ஸ்ட்ரீட். நடந்தால் கடற்கரைக் கோட்டை! தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620-ல் இந்த இடத்தைப் பேசி வாங்கிய டேனியத் தளபதி ஓவே கெட்டேவுக்கு அப்போது வயசு வெறும் 25!

நாயக்கர் ஓலை அனுப்பியது எதில்? தங்கத் தகட்டில்! கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் பத்திரமாக இருக்கிறது!

ஐஸ்லாந்திலிருந்து ஒருத்தர் இங்கே வேலைக்கு வந்தார், நம்புவீர்களா? யோன் ஓலாஃப்சன். 1623-ல் கோட்டைச் சிப்பாய்! வெடிமருந்து விபத்தில் படுகாயம். ஊர் திரும்பி, வயசான காலத்தில் தரங்கம்பாடிக் கதையை ஐஸ்லாந்து மொழியில் எழுதியே வைத்துவிட்டார்!

புது எருசலேம் ஆலயத்துக்குள் போங்கள். கட்டியது 1718. அங்கே அடக்கமாகியிருப்பவர் சீகன்பால்கு. 1706-ல் வந்திறங்கிய இந்த ஜெர்மானியர், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகியவர்! 36 வயசில் கண்மூடிவிட்டார்.

அவருடைய அச்சுக்கூடம் இருக்கிறதே, அதுதான் ஆச்சரியத்தின் உச்சம்! ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிசு. காகிதமோ தட்டுப்பாடு. என்ன செய்தார்கள்? இங்கிலாந்திலிருந்து சீஸ் கட்டிகளைப் பொதிந்து வந்த ஈயத்தை உருக்கினார்கள். இங்கேயே சின்னச் சின்ன எழுத்தாக வார்த்தார்கள். புதிய ஏற்பாடு தமிழில் வெளிவந்தது, 1715-ல்! எந்த இந்திய மொழிக்கும் முன்னால்!

கோட்டைதான் பழசு என்று நினைக்காதீர்கள். கடல் அரித்தது போக மிஞ்சி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயில், 1306-ம் வருஷத்தது. கோட்டையைவிட 314 வயசு மூப்பு! கட்டாயம் பாருங்கள். அலை விட்டுவைத்ததே பெரிய விஷயம்!

1845-ல் டேனியர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றார்கள். வங்காளத்து செராம்பூரையும் சேர்த்து மொத்த விலை பன்னிரண்டரை லட்சம் ரூபாய்!

அடுத்த முறை காரைக்கால் போனால் அப்படியே வடக்கே வண்டியைத் திருப்புங்கள். சுமார் 15 கி.மீ.தான்!